இணைப்புப் பலகை முதல் மென்பொருள் வரை



வயது முதிர்ந்த நேயர்களுக்குத் தோட்டத்து ஆபீசில் இருந்த அந்தக் கறுப்பு டெலிபோன் நினைவிருக்கும். பெரிய கிராணியாரைத் தவிர வேறு யாரும் அதைத் தொடமாட்டார்கள். கைப்பிடியைச் சுழற்றினால் டவுனில் உள்ள தொலைபேசி நிலையத்தில் ஓர் ஆப்பரேட்டர் பேசுவார். அவரிடம் நம்பரைச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து அவசரச் செய்தி வந்தால் ஆபீஸ் பையன் சைக்கிளை மிதித்துக்கொண்டு லயத்துக்கு வருவான். அவன் வருவதைக் கண்டாலே வாசலில் நிற்கும் பெண்களுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். இன்று அதே குடும்பத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு கைத்தொலைபேசி வைத்திருக்கிறார்கள். வெளியூரில் வேலை செய்யும் மகன் முகத்தையே காட்டிப் பேசுகிறான்.

இந்த இரண்டு காலத்துக்கும் இடையே நடந்தது என்ன? கருவி சிறிதாகிவிட்டது, கம்பி போய்விட்டது என்று பலரும் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று நம் கண்ணுக்குப் படாத இடத்தில், அதாவது ஒருவர் பேச்சை இன்னொருவரோடு சேர்த்து வைக்கும் நிலையத்துக்குள்ளே நடந்தது. அங்கே ஒரு காலத்தில் இரும்பும் செம்பும் செய்த வேலையை இன்று எழுதி வைத்த ஆணைகள் செய்கின்றன. இரும்பு, செம்பு ஆகியவற்றாலான பாகங்களை வன்பொருள் என்றும், எழுதி வைத்த ஆணைகளை மென்பொருள் என்றும் சொல்கிறோம்.

இந்தச் சொற்கள் சிலருக்குப் புதியவையாக இருக்கலாம். பெரட்டுக் களத்தை எண்ணிப் பாருங்கள். மரம், நிரை, கத்தி, வாளி, மங்கு எல்லாம் கண்ணால் காணக்கூடியவை; கையால் தொடக்கூடியவை. யார் எந்த நிரைக்குப் போக வேண்டும் என்பது மட்டும் கிராணியாரின் செக்ரோல் புத்தகத்தில் இருக்கிறது. ஒருவர் வேலைக்கு வரவில்லை என்றால் மரங்களைப் பிடுங்கி வேறு இடத்தில் நடுவதில்லை. புத்தகத்தில் ஒரு பெயரை அடித்து இன்னொரு பெயரை எழுதுகிறார்கள், வேலை நடக்கிறது. மரமும் கத்தியும் வன்பொருள் என்றால் அந்தப் புத்தகம் மென்பொருள். பழைய தொலைபேசி நிலையத்தில் அப்படி ஒரு புத்தகமே கிடையாது. சிறு மாற்றம் என்றாலும் மரத்தைப் பிடுங்கித்தான் நட வேண்டியிருந்தது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்கு உரிமம் பெற்ற ஆண்டு 1876. இருவர் பேசிக்கொள்ள ஒரு கம்பி போதும். 21 பேர் ஒருவரோடொருவர் பேச விரும்பினால்? ஒவ்வொரு வீட்டுக்கும் மற்ற எல்லா வீடுகளிலிருந்தும் கம்பி இழுக்க வேண்டும். கணக்குப் போட்டால் 210 கம்பிகள் வரும். நூறு பேர் என்றால் 4,950. ஊர் முழுவதும் சிலந்திக் கூடாகிவிடும். ஆகவே எல்லா வீட்டுக் கம்பிகளையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, வேண்டும்போது வேண்டிய இரண்டை மட்டும் சேர்த்துவிடலாம் என்ற யோசனை பிறந்தது. 1878 ஜனவரி 28ஆம் நாள் அமெரிக்காவில், கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் நகரில் முதல் வாணிபத் தொலைபேசி நிலையம் திறக்கப்பட்டது. சந்தாதாரர்கள் அந்த 21 பேரே. ஜார்ஜ் காய் என்பவர் வண்டிக்குப் போடும் போல்ட்டுகளையும், தேநீர்க் கெண்டி மூடியின் கைப்பிடிகளையும், பெண்கள் பாவாடைக்குள் வைத்துக் கட்டும் கம்பியையும் கொண்டு அதன் இணைப்புப் பலகையைச் செய்தார் என்று சொல்வார்கள். கையில் அகப்பட்டதைக் கொண்டு காரியத்தை முடிக்கும் திறமை எந்த நாட்டுக்கும் பொதுவானதுதான்!

பலகையின் முன்னே உட்கார முதலில் பையன்களை வைத்தார்கள். தந்தி ஆபீசில் ஓடியாடிய பையன்கள் அவர்கள். பேச வந்தவர்களைக் கேலி செய்தார்கள், திட்டவும் செய்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் பாஸ்டன் நகரில் எம்மா நட் என்னும் பெண் வேலைக்கு அமர்த்தப்பட்டார். உலகின் முதல் பெண் ஆப்பரேட்டர் அவர்தான். அதன்பின் அந்த நாற்காலி பெரும்பாலும் பெண்களுக்கே உரியதாயிற்று. அந்தக் காலத்து நிலையத்தின் அறிவு முழுவதும் இந்தப் பெண்களின் தலைக்குள் இருந்தது. யார் வீட்டு நம்பர் எது, டாக்டர் இந்த நேரத்தில் எங்கே இருப்பார், எந்தக் கம்பி கரகரக்கும், எல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

கம்பி என்று சொன்னவுடன் நம் நாட்டுச் செய்தி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கடலுக்கடியில் தந்திக் கம்பி போட்டபோது உப்புநீர் உள்ளே புகாமல் அதைச் சுற்றிப் பூசுவதற்கு ஒரு பொருள் தேவைப்பட்டது. மலாய்க்காரர்கள் கெத்தா பெர்ச்சா என்று அழைத்த மரத்தின் பால்தான் அதற்கு உதவியது. சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த வில்லியம் மான்ட்கோமரி 1840களில் அதை லண்டனுக்கு அனுப்பி வைத்தார். 1858இல் அட்லாண்டிக் கடலுக்கடியே போடப்பட்ட முதல் கம்பியும் அந்தப் பாலின் உறையோடுதான் இறங்கியது. நாம் வெட்டும் ரப்பர் மரம் வேறு. அது 1877இல்தான் சிங்கப்பூருக்குக் கன்றுகளாக வந்து சேர்ந்தது. கெத்தா பெர்ச்சா மரத்தைக் காயப்படுத்திப் பால் எடுக்கும் பொறுமை அப்போது யாருக்கும் இல்லை. மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். உலகத்தின் பேச்சுக்காக இந்த வட்டாரத்துக் காடுகள் கொடுத்த விலை அது.

மீண்டும் நிலையத்துக்கு வருவோம். அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி நகரில் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்று ஒருவர் இருந்தார். இறந்தவர்களின் அடக்கச் சடங்குகளை நடத்திக் கொடுப்பது அவருடைய தொழில். அவருக்கு வரவேண்டிய அழைப்புகள் எல்லாம் போட்டிக்காரருக்கே போய்க்கொண்டிருந்தனவாம். காரணம், போட்டிக்காரரின் மனைவி தொலைபேசி நிலையத்தில் ஆப்பரேட்டர் என்று சொல்லப்படுகிறது. சினங்கொண்ட ஸ்ட்ரோஜர், ஆப்பரேட்டரே இல்லாத நிலையம் ஒன்றைச் செய்துவிடுவது என்று புறப்பட்டார். 1891 மார்ச் 10ஆம் நாள் அவருக்கு உரிமம் கிடைத்தது. மறு ஆண்டு நவம்பரில் இந்தியானா மாநிலத்து லா போர்ட் என்ற சிற்றூரில் முதல் தானியங்கி நிலையம் திறக்கப்பட்டது.

அது வேலை செய்யும் விதத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். நமக்குத் தெரிந்த சுழலும் டயலை வைத்தே சொல்கிறேன். நீங்கள் கூப்பிட வேண்டிய நம்பர் 42 என்று வைத்துக்கொள்வோம். முதலில் 4 என்ற இடத்தில் விரலை விட்டுச் சுழற்றுகிறீர்கள். டயல் திரும்பி வரும்போது கம்பியில் ஓடும் மின்சாரம் நான்கு முறை அறுந்து சேருகிறது. ஒவ்வொரு முறையும் நிலையத்தில் உள்ள மின்காந்தம் ஒன்று துடித்து, நட்டுக்குத்தாக நிற்கும் தண்டை ஒரு படி மேலே தள்ளுகிறது. தண்டு நான்காவது படிக்கு ஏறிவிட்டது. அடுத்து 2 என்று சுழற்றுகிறீர்கள். இப்போது தண்டு பக்கவாட்டில் இரண்டு இடம் திரும்புகிறது. அங்கே காத்திருப்பது 42ஆம் வீட்டுக் கம்பி. தண்டின் கை அதைத் தொட்டவுடன் மணி அடிக்கிறது. பத்துப் படி, படிக்குப் பத்து இடம், ஆக மொத்தம் நூறு வீடுகள். நம்பர் நீள நீள இத்தகைய தண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தார்கள். பெரிய நகரத்து நிலையத்தில் ஆயிரக்கணக்கான தண்டுகள் இரவும் பகலும் ஏறி இறங்கும். உள்ளே போனால் அருவிக்குப் பக்கத்தில் நிற்பதுபோல் சடசடவென்று ஓயாத ஓசை.

இங்கே நிலையத்தின் அறிவு எங்கே இருக்கிறது? தண்டின் பல்லில் இருக்கிறது; எந்தக் கம்பி எந்த இடத்தில் பற்றவைக்கப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. ஒரு குடும்பம் வீடு மாறினால் ஊழியர் ஒருவர் நிலையத்துக்குப் போய் ஒரு கம்பியை அவிழ்த்து மறுபடியும் கட்ட வேண்டும். புதிய வசதி ஒன்று வேண்டுமானால் புதிய இரும்பு வாங்க வேண்டும்.

அந்தப் பெண்கள் என்ன ஆனார்கள் என்பதையும் சொல்லாமல் போனால் இந்த வரலாறு முழுமையாகாது. அமெரிக்காவில் 1920க்கும் 1940க்கும் இடையே பல நகரங்களில் நிலையங்கள் தானியங்கிகளாக மாறின. இளம்பெண்களுக்கு மிக அதிகமாக வேலை கொடுத்துவந்த தொழில்களுள் அது ஒன்று. பல ஆண்டுகளுக்குப் பின் பொருளாதார நிபுணர்கள் பழைய மக்கள்தொகைக் கணக்கேடுகளை எடுத்து ஊர் ஊராக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அடுத்து வந்த தலைமுறைப் பெண்களுக்குச் சுருக்கெழுத்து, உணவகம் என்று வேறு வேலைகள் கிடைத்திருந்தன. மாற்றம் வந்த நாளில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களின் கதை வேறு. பத்து ஆண்டு கழித்துப் பார்க்கும்போது அவர்களில் பலர் வேலையையே விட்டிருந்தார்கள், அல்லது குறைந்த கூலி வேலைக்கு இறங்கியிருந்தார்கள். வயது கூடியவர்களுக்கே அடி பலமாக விழுந்தது. ஈயமும் ரப்பரும் விலை இறங்கியபோதும், தோட்டங்கள் செம்பனைக்கு மாறியபோதும் நம்மவர் கண்டதும் இதைப்போன்ற ஒன்றைத்தான். மொத்தக் கணக்கில் இலாபம் வந்தது. ஆனால் நட்டம் அடைந்தவர்கள் வேறு ஆட்கள்.

1938இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் குறுக்குச்சட்ட நிலையம் என்ற திருந்திய வகை வந்தது. தண்டு ஏறி இறங்குவதற்குப் பதிலாக, நம்பர் முழுவதையும் முதலில் வாங்கி வைத்துக்கொண்டு பிறகு பாதையைத் தேடும் முறை அது. அதுவும் இரும்புதான் என்றாலும், யோசிப்பதற்கு ஒரு பகுதி, கம்பியைச் சேர்ப்பதற்கு ஒரு பகுதி என்ற பிரிவு அங்கேயே தொடங்கிவிட்டது. பின்னால் இந்தப் பிரிவு மிகவும் முக்கியமாகப் போகிறது.

திருப்பம் 1965 மே 30ஆம் நாள் வந்தது. நியூ ஜெர்சி மாநிலத்தில் சக்கசன்னா என்ற ஊரில், பெல் ஆய்வுக்கூடத்தார் ஐந்து ஆண்டுகளுக்கு முன் இல்லினாய் மாநிலத்து மாரிஸ் நகரில் வெள்ளோட்டம் பார்த்திருந்த முறையைத் திருத்தி, மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். பேச்சு போகும் பாதை இன்னும் உலோகத் தொடர்புகளாகவே இருந்தது. எதை எதனோடு எப்போது சேர்ப்பது என்ற முடிவை மட்டும் ஒரு கம்ப்யூட்டர் எடுத்தது. அதற்கு வேண்டிய ஆணைகள் அலுமினியத் தகடுகளின்மேல் பதித்த நுண்ணிய காந்தங்களாக எழுதி வைக்கப்பட்டிருந்தன. செக்ரோல் புத்தகம் கடைசியில் வந்து சேர்ந்துவிட்டது!

பலன்களை உடனே பார்க்க முடிந்தது. வீட்டில் இல்லாதபோது வரும் அழைப்பை வேறு நம்பருக்குத் திருப்பிவிடலாம். பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் கூப்பிடுவதை அறிந்துகொள்ளலாம். மூவர் சேர்ந்து பேசலாம். ஸ்ட்ரோஜரின் தண்டுகளில் இவற்றை நுழைக்க முயன்றால் கட்டடமே போதாது. இங்கே எழுத்தைத் திருத்தினால் போதும்.

ஆனால் எழுத்துக்கும் அதற்கே உரிய தொல்லை உண்டு. ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் கூப்பிட்டால், பாவம், கம்ப்யூட்டர் எதை முதலில் கவனிக்கும்? எல்லாவற்றையும் வாரி எடுத்துக்கொண்டு மூச்சுத் திணறி நின்றுவிடும். இதற்கு வழி கண்டவர் எர்னா ஹூவர் என்ற பெண்மணி. யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1954இல் பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தவர். இரண்டாவது பெண் குழந்தையைப் பெற்றெடுத்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அந்த வழியின் முதல் கோடுகளை வரைந்தார். அழைப்புகள் எந்த வேகத்தில் வருகின்றன என்பதை நிலையம் தானே அளந்து, கூட்டம் மிகும்போது தலையாய வேலைகளை முதலில் செய்து மற்றவற்றைச் சற்றுத் தள்ளி வைக்க வேண்டும் என்பதே அதன் சாரம். பிரசவ வார்டு நடத்திய மருத்துவச்சிக்கு இது புதிதல்ல! 1971இல் அவருக்கு உரிமம் கிடைத்தது. மென்பொருளுக்குத் தரப்பட்ட முதல் உரிமங்களுள் அதுவும் ஒன்று. இணைப்புப் பலகைக்கு முன்னே பெண்களை உட்காரவைத்த தொழிலில், அந்தப் பலகைக்கு மாற்றான மென்பொருளைத் திருத்தி அமைத்தவரும் ஒரு பெண் என்பது கவனிக்கத்தக்கது.

இரும்பு காலத்துக்கும் எழுத்து காலத்துக்கும் உள்ள வேற்றுமை அவை கெட்டுப்போகும் விதத்தில்தான் நன்றாகத் தெரிகிறது. இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

1975 பிப்ரவரி 27ஆம் நாள் நள்ளிரவு கழிந்து, நியூயார்க் நகரத்து இரண்டாம் அவென்யூவில் இருந்த பெரிய தொலைபேசி நிலையத்தின் அடித்தளத்தில் கம்பிகள் தீப்பற்றின. கம்பிகளின் உறை எரிந்து நச்சுப்புகை கிளம்பியது. அணைக்க வந்த தீயணைப்பு வீரர்கள் பலர் அந்தப் புகையால் பிற்காலத்தில் நோயுற்றார்கள். ஏறத்தாழ 1,70,000 தொலைபேசிகள் ஊமையாயின. ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் வந்து, கரியைத் துடைத்து, கம்பி கம்பியாக மாற்றி, மூன்று வாரத்துக்கு மேல் உழைத்துத்தான் சரிசெய்தார்கள். கொடிய விபத்துதான். ஆயினும் அந்த வட்டாரத்தைத் தாண்டி அது போகவில்லை. அடுத்த தெரு நிலையம் வழக்கம்போல் வேலை செய்தது.

இனி 1990 ஜனவரி 15. அன்று தீ இல்லை, புகை இல்லை. பிற்பகலில் அமெரிக்காவின் ஏடி அண்டு டி நிறுவனத்தின் நெடுந்தூர நிலையம் ஒன்று நியூயார்க்கில் சிறு கோளாறு கண்டு, சில விநாடி தன்னைத்தானே நிறுத்திச் சரிசெய்துகொண்டது. பிறகு, நான் திரும்பி வந்துவிட்டேன் என்று அண்டை நிலையங்களுக்குச் செய்தி அனுப்பியது. நல்ல பழக்கம்தான். ஆனால் முந்திய மாதம் எல்லா நிலையங்களுக்கும் ஏற்றிய புதிய மென்பொருளில் ஓர் ஆணைச்சொல் தவறான இடத்தில் உட்கார்ந்திருந்தது. இரண்டு செய்திகள் மிக நெருக்கமாக அடுத்தடுத்து வந்தால் அதைக் கேட்கும் நிலையம் குழம்பிவிடும். குழம்பியவுடன் அதுவும் தன்னை நிறுத்தி, எழுந்து, நானும் வந்துவிட்டேன் என்று அண்டையாருக்குச் சொல்லும். கேட்டவர்களும் மயங்கி விழுவார்கள். இப்படி நாடு முழுவதும் 114 நிலையங்கள் ஒன்றையொன்று தட்டிவிட்டுக்கொண்டே இருந்தன. ஒன்பது மணி நேரம், அந்த நிறுவனத்தின் நெடுந்தூர அழைப்புகளில் ஏறக்குறைய பாதி போய்ச் சேரவில்லை. ஒரு கம்பிகூட அறுந்திருக்கவில்லை.

ஏன் அத்தனையும் விழுந்தன? அத்தனையிலும் ஒரே எழுத்து. ஒரே தாய்மரத்தின் ஒட்டுக்கன்றை ஆயிரம் ஏக்கரில் நட்டால் பால் எல்லா மரத்திலும் ஒன்றுபோல் நன்றாகச் சுரக்கும். நோய் வந்தால் அதுவும் எல்லா மரத்துக்கும் ஒன்றுபோல் வரும். இது தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

இதுவரை சொன்னது பேச்சு. கம்ப்யூட்டர்கள் தமக்குள்ளே செய்தி பரிமாறிக்கொள்ளும் வலையின் கதை 1960களில் தொடங்குகிறது. அமெரிக்காவில் பால் பாரன், இங்கிலாந்தில் டொனால்டு டேவிஸ் ஆகிய இருவரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே முடிவுக்கு வந்தார்கள். ஒரு பேச்சுக்கு ஒரு கம்பியை முழுவதும் ஒதுக்கி வைப்பது வீண். செய்தியைச் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் முகவரி எழுதி, காலியாக உள்ள பாதையில் அனுப்பிவிட்டால் போதும், சேருமிடத்தில் வரிசைப்படுத்திக்கொள்ளலாம். நீண்ட கடிதத்தைப் பத்துத் தபாலட்டைகளில் எழுதி எண்ணிட்டு அனுப்புவது போல.

இந்த முறையில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பு ஏற்படுத்திய ஆர்ப்பாநெட் என்ற வலையில் 1969 அக்டோபர் 29ஆம் நாள் முதல் செய்தி போயிற்று. லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஐந்து எழுத்துச் சொல்லை அனுப்ப முயன்றார்கள். இரண்டு எழுத்து போனவுடன் மறுமுனைக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. சற்று நேரம் கழித்து முழுவதும் போயிற்று. பொட்டலங்களை வழி பிரித்து அனுப்ப, குளிர்பெட்டி அளவுள்ள ஹனிவெல் கம்ப்யூட்டர் ஒன்றை ஒவ்வோர் இடத்திலும் வைத்திருந்தார்கள். எந்தப் பாதை நல்லது என்று முடிவு செய்யும் ஆணைகளை வில் குரோதர் முதலிய ஒரு சிறு குழுவினர் எழுதியிருந்தார்கள். ஒரு பெட்டியின் நினைவு அழிந்துவிட்டால் பக்கத்துப் பெட்டியிடமிருந்து கம்பி வழியாகவே ஆணைகளைத் திரும்பப் பெறலாம்! ஆக, இந்த வலை பிறந்தபோதே மென்பொருளோடுதான் பிறந்தது.

பின் ஏன் அது மறுபடியும் இரும்புக்குப் போயிற்று? வேகம்தான் காரணம். 1990களில் உலகமெங்கும் இன்டர்நெட் பரவியபோது விநாடிக்கு இலட்சக்கணக்கான பொட்டலங்கள் வரத் தொடங்கின. ஒவ்வொன்றையும் எடுத்து, ஆணையைப் படித்து, யோசித்து அனுப்ப நேரமில்லை. ஆகவே அந்த வேலைக்கென்றே சிலிக்கன் சில்லுகளைச் செய்து பெட்டிக்குள் வைத்தார்கள். அத்தகைய பெட்டியை ரூட்டர் என்பார்கள். சில்லோடு சேர்த்து, வழியைத் தீர்மானிக்கும் மென்பொருளையும் செய்தவரே உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார். பெட்டியை வாங்கியவர் அதைத் திறந்து பார்க்க முடியாது. புதிய வசதி வேண்டுமானால் விற்றவரிடம் கேட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அது மட்டுமல்ல. ஒவ்வொரு பெட்டியும் அண்டைப் பெட்டிகளிடம் விசாரித்துத் தன் வழியைத் தானே முடிவு செய்யும். தோட்டம் முழுவதன் வரைபடமும் யாரிடமும் இல்லாமல், ஒவ்வொரு கங்காணியும் பக்கத்துக் கங்காணியைக் கேட்டுக்கேட்டு ஆட்களை அனுப்புவது போன்ற ஏற்பாடு அது. ஒரு கங்காணி இல்லாவிட்டாலும் வேலை நிற்காது என்பது அதன் பலம். ஒரு பாதையில் நெரிசலும் இன்னொரு பாதையில் ஈயாடுவதும் அதன் பலவீனம்.

கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கசாடோ என்ற ஆய்வு மாணவரும், நிக் மெக்கியோன் என்ற பேராசிரியரும், பெர்க்கிலியைச் சேர்ந்த ஸ்காட் ஷெங்கரும் இந்தப் பூட்டை உடைக்க முனைந்தார்கள். பெட்டியில் பொட்டலத்தைக் கடத்தும் வேலை மட்டும் இருக்கட்டும். யோசிக்கும் வேலையை வெளியே எடுத்து, ஒரு சாதாரணக் கம்ப்யூட்டரில் மென்பொருளாக வைத்துக்கொள்வோம் என்றார்கள். அந்தக் கம்ப்யூட்டர் வலை முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்கும். இன்ன முகவரிப் பொட்டலம் இன்ன வாசல் வழியே போகட்டும் என்று பெட்டிகளுக்குப் பட்டியல் அனுப்பும். அந்தப் பட்டியலை எந்த நிறுவனத்துப் பெட்டிக்கும் புரியும்படி எழுதுவதற்கு ஒரு பொது முறையை வகுத்து, ஓபன்ஃப்ளோ என்று பெயரிட்டு 2008இல் வெளியிட்டார்கள். குறுக்குச்சட்ட நிலையத்தில் பார்த்தோமே, யோசிப்பது வேறு சேர்ப்பது வேறு என்ற பிரிவு, அதுவே எழுபது ஆண்டு கழித்துப் புதிய வேடத்தில் வந்து நிற்கிறது.

பல்கலைக்கழகத்து விளையாட்டு என்றுதான் பலர் நினைத்தார்கள். கூகுள் நிறுவனம் கண்டம் விட்டுக் கண்டம் தன் கம்ப்யூட்டர் நிலையங்களை இணைக்கும் வலையை இந்த முறையில் அமைத்து, 2013இல் அதன் விவரங்களை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டது. நெடுந்தூரக் கம்பிகளை வைத்திருப்பவர்கள் வழக்கமாக அவற்றின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு அல்லது சற்றுக் கூடுதலாகத்தான் பயன்படுத்துவார்கள். எங்காவது அறுந்தால் மாற்றுப்பாதை வேண்டுமே என்று மற்றதைச் சும்மா வைத்திருப்பார்கள். கூகுளின் வலையில் சராசரி 70 விழுக்காடு வரை பயன்பட்டது. காத்திருக்கக்கூடிய செய்தி எது, அவசரமானது எது என்று மென்பொருள் பிரித்தறிந்ததால் இது முடிந்தது. எர்னா ஹூவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எண்ணியதும் இதைத்தானே! கசாடோ முதலியோர் தொடங்கிய சிறு நிறுவனத்தை 2012இல் விஎம்வேர் என்ற நிறுவனம் நூறு கோடி அமெரிக்க டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது.

இந்த முறையால் நன்மை பெரிது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் புத்தகம் ஒன்றாகிவிட்டால், அந்தப் புத்தகத்தில் விழும் ஒரு கிறுக்கல் எவ்வளவு தூரம் போகும் என்பதையும் பார்க்க வேண்டும்.

2021 அக்டோபர் 4ஆம் நாள் நம் நேரப்படி நள்ளிரவுக்குச் சற்று முன் வாட்ஸ்அப், பேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகெங்கும் ஒரே நேரத்தில் நின்றன. இரவு வேலையில் இருந்தவர்கள் தங்கள் போன்தான் கெட்டுவிட்டது என்று எண்ணினார்கள். விடியற்காலை பெரட்டுக்கு எழுந்தவர்கள் பார்த்தபோதும் செய்தி போகவில்லை. நடந்தது இதுதான். பேஸ்புக் நிறுவனத்தின் பொறியாளர்கள் தங்கள் முதுகெலும்பு வலையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்க ஓர் ஆணை கொடுத்தார்கள். அந்த ஆணை, நிலையங்களை இணைக்கும் எல்லாப் பாதைகளையும் துண்டித்துவிட்டது. தவறான ஆணைகளைத் தடுப்பதற்கென்று ஒரு காவல் மென்பொருள் இருந்தது. அதிலும் ஒரு பிழை இருந்ததால் அது தடுக்கவில்லை. பாதைகள் போனவுடன், அந்த நிறுவனத்தின் முகவரியை உலகுக்குச் சொல்லும் கம்ப்யூட்டர்கள், நாம் தனித்துவிட்டோம் என்று முடிவு செய்து தங்களையும் விலக்கிக்கொண்டன. இருந்த இடத்திலிருந்தே சரிசெய்யலாம் என்றால், சரிசெய்வதற்கான கருவிகளும் அதே வலையில்தான் இருந்தன.

வேறு வழியில்லாமல் பொறியாளர்களை நேரில் அனுப்பினார்கள். யாரும் எளிதில் நுழையாதபடி கட்டிய கட்டடங்கள் அவை. உள்ளே நுழைந்த பிறகும், யாரும் எளிதில் கைவைக்க முடியாதபடி செய்த பெட்டிகள். ஆகையால் நேரம் பிடித்தது. பாதை திறந்தவுடனே எல்லாவற்றையும் ஒரேயடியாக ஓடவிடவும் துணியவில்லை. திடீரென்று மின்சாரம் ஏறினால் நிலையமே தாங்காது என்று அஞ்சி, ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். ஏறத்தாழ ஆறு மணி நேரம் கழித்து, நம் நாட்டில் விடிகிற வேளையில், தேங்கிக் கிடந்த செய்திகள் வரத் தொடங்கின.